இல்லாத பதினைந்து பேர்

தான் இல்லை என்கிற சேதி அன்னக்கிளிக்குத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத்தான் தெரியவந்தது. அப்போது அவள் ஒரு வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள்.

சேதி கொண்டுவந்தவர் ஹரிகிருஷ்ணன். கடைவீதி ஒழுங்கமைப்புத் திட்ட அலுவலகத்தில் எழுத்தர். அளவு நாடாவோடு இரண்டு ஆட்களை அழைத்துக்கொண்டு நெல்லித்தோப்பு மீன் சந்துக்குள் வந்தவர், நேரே அன்னக்கிளியின் பலகைக்கு முன்னால் நின்றார்.

"காலைக் கொஞ்சம் மடக்கும்மா, அளக்கணும்."

"என்னாத்துக்கு சார் அளக்கறீங்க?"

"ரெண்டு சக்கர வண்டி நிறுத்துற எடமா மாத்தப்போறோம். வெள்ளிக்கெழம காலையில ஏழு மணிக்கு போர்டு நடறோம். எடம்தான் காலியா கெடக்கே."

அன்னக்கிளி சுற்றுமுற்றும் பார்த்தாள். இடப்பக்கம் செல்வாம்பாள் எறா உரித்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் சின்னப்பாப்பா மத்திக்குப் பேரம் பேசிய ஒருவனின் ஏழு தலைமுறையையும் விசாரித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டுப் பலகை, பதினெட்டுப் பெண்கள், எண்ணி மாளாத ஈ.

"காலியாவா? நாங்கல்லாம் குந்திக்கினு இருக்கமே சார்?"

"குந்தியிருக்கீங்க. நான் இல்லன்னா சொன்னேன்? ஆய்வு சொல்லுது." கோப்பைத் திறந்து விரலை வைத்து வாசித்தார். "'நெல்லித்தோப்பு மீன் விற்பனைத் தளத்தில் எண்பத்து மூன்று சதவீதத்தினர் தொழிலைவிட்டு நிரந்தரமாக வெளியேறிவிட்டனர். எஞ்சியோரும் விரைவில் வெளியேறுவர்.' பதினெட்டுல பதினஞ்சு காலி. மூணுலதான் ஆளு. கோரிமேட்டுப் பக்கத்துலேருந்து வர்ற கருவாட்டுக்காரங்கன்னு போட்டிருக்கு."

சந்துக் கோடியில் இருந்த கருவாட்டுக்காரிகள் மூவரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டார்கள். காகிதத்தில் இருப்பவர்களுக்கென்று ஒரு நிமிர்வு உண்டு.

"சார், உங்க கண்ணால பாக்கறீங்க இல்ல?"

"பாக்கறேன். என் கண்ணை நம்பிக் கையெழுத்துப் போட முடியுமாம்மா? ஒரு கண்ணுல புரை. இந்த ஆய்வை முன்னூத்திப் பன்னண்டு பேரு மேற்கோள் காட்டியிருக்காங்க. ஒன்னை யாராச்சும் காட்டியிருக்காங்களா?"

"மேற்கோள்னா?"

"நீ சொன்னதை இன்னொருத்தர் எடுத்துச் சொல்றது."

"எங்க மாமியா ஊரு பூரா எடுத்துச் சொல்லுமே, நான் சொன்னதை."

"எழுத்துல, எழுத்துல."

அன்னக்கிளிக்கு ஐம்பத்து நாலு வயது. அதில் இருபத்தாறு வருஷம் இந்தப் பலகையில் கழிந்திருக்கிறது. வீராம்பட்டினத்திலிருந்து விடிய வந்து, மத்தியானம் பாத்திரம் காலியானால் திரும்புவாள். இந்த நாலடி இடம் போனால் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவ வேண்டும். தொண்டை இருக்கிறது, முட்டி இரண்டும் எப்போதோ கைவிரித்துவிட்டன.

"என்னா செஞ்சா சார் இந்த போர்டு வராது?"

ஹரிகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்தார். "எழுதுன ஆய்வு நிலையமே தப்புன்னு ஒரு கடுதாசி குடுக்கணும். இல்லன்னா இதைவிடப் பெரிய ஆய்வு ஒண்ணு நீ இருக்கேன்னு சொல்லணும்."

"பெருசுன்னா எத்தினி பக்கம்?"

"பக்கத்துக்கு யாரும்மா போறா? மேற்கோள்தான். இதைவிட ஒண்ணாச்சும் கூட இருக்கணும். வெள்ளிக்கெழம ஏழு மணிக்குள்ள." நாடாவைச் சுருட்டச் சொன்னார். போகும்போது கால் கிலோ எறா வாங்கிக்கொண்டு போனார், காலியான இடத்திலிருந்து.

* * *

கீழைக்கரைச் சமூக அறிவியல் ஆய்வு நிலையம் புதுச்சேரிக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவரும் பச்சைக் கதவுமாக நின்றது. வாசலில் தேவதாஸ். அறுபதைத் தாண்டிய காவலாளி, விறைப்பான தொப்பி, வாயில் பிரெஞ்சு வணக்கம்.

"போன்ழூர் மதாம். மீன் வேணாம்."

"விக்க வரலண்ணே. ஒரு கட்டுரையப் பத்திக் கேக்கணும்."

தேவதாஸ் பதிவேட்டை நீட்டினார். மூன்று பத்திகள். மேற்கோள் காட்ட வந்தவர், மேற்கோள் வாங்க வந்தவர், இதர. "மூணாவதுல கைநாட்டோ கையெழுத்தோ வெச்சிட்டுப் போங்க. யாரும் அதைப் பாக்க மாட்டாங்க."

கூடத்தில் காலடி வைத்ததும் அன்னக்கிளி செருப்பைக் கழற்றினாள். நாற்பது பேர் கைகட்டி வரிசையாக நின்றார்கள். எதிர்ச் சுவரில் பேருந்து நிலையத்தில் இருப்பது போலப் பெரிய மின்பலகை. அதில் சிவப்பாக 41,206 என்று எரிந்தது. ஒவ்வொருவரும் வலப்பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "நேற்றுத் தாங்கள் எழுதியதை இன்று நான் மேற்கோள் காட்டினேன்" என்றார்கள். அவர்கள் குனிந்து, "நன்றி. நாளை நான் தங்களைக் காட்டுவேன்" என்றார்கள். எண் 41,246 ஆயிற்று. ஒருவர் மணியடித்தார். எல்லாரும் கைதட்டிவிட்டுத் தத்தம் நாற்காலிக்குப் போனார்கள்.

"இது எந்த சாமிண்ணே?" என்று அன்னக்கிளி கிசுகிசுத்தாள்.

"சாமி இல்ல மதாம். மேற்கோள் தாக்கம்."

மணியடித்தவர்தான் மேற்கோள் தாக்கப் பிரிவின் தலைவர் மதிவாணன். அவர் அறைக்குள் போன அன்னக்கிளிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீங்களா சார்! ஞாயித்துக்கெழமையானா ஒரு கிலோ சங்கரா வாங்குவீங்களே, தலைய மட்டும் தனியா வெட்டச் சொல்லி! என்னைத் தெரியல? அன்னக்கிளி."

மதிவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "தெரியுதும்மா. தனிப்பட்ட முறையில தெரியுது. ஆனா நான் மீன் வாங்குறது தனிவாழ்க்கை. அதைத் தரவா எடுத்துக்க முடியாது."

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, கட்டுரையை எடுத்து மேசையில் போட்டார். முதல் பக்கம் பூராவும் பெயர்கள். எழுதியவர்கள் நாற்பத்தேழு பேர்.

"இது எங்க நிலையத்தோட தூண். இதுல தப்புன்னு ஒரு வரி நான் எழுதினா, இதை நம்பி எழுதின முன்னூத்திப் பன்னண்டு கட்டுரையும் சரியும். அந்த முன்னூத்திப் பன்னண்டை நம்பி எழுதின ஆயிரம் சரியும். உன் ஒரு பலகைக்காக எத்தினி பேரு குடும்பத்தைத் தெருவுல நிறுத்தச் சொல்றே?"

"நெஜத்தைச் சொல்லுங்கன்னுதானே கேக்கறேன்?"

"நீ சொல்றது தனிநபர் அனுபவம்."

"பதினஞ்சு பேரு இருக்கோம் சார்."

"அப்ப பதினஞ்சு தனிநபர் அனுபவம்."

"சரி, எந்த நாளு வந்து எண்ணுனீங்க? அதையாச்சும் சொல்லுங்க."

மதிவாணன் பக்கங்களைப் புரட்டினார். முறையியல் என்ற பகுதிக்கு வந்தபோது தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. யாரும் அதுவரை பிரித்ததில்லை. அவர் நகத்தால் பிரிக்க முயன்றுகொண்டிருக்கையில், மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"ஆடி அஞ்சாம் வெள்ளி."

அன்னக்கிளி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினத்தில் தேர். அன்றைக்கு ஊரில் ஒரு பெண்ணும் கூடையைத் தொட மாட்டாள். புதுச்சேரி பூராவும் அங்கேதான் நிற்கும். கோரிமேட்டுக் கருவாட்டுக்காரிகளுக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை.

"தேரு நாளா சார்! அன்னிக்கி ஊருக்கே லீவாச்சே! உங்களுக்கும் லீவுதானே?"

"லீவுதான்," என்றார் மதிவாணன், சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல. "அதனாலதான் களத்துக்குப் போக முடிஞ்சுது. வேலை நாள்ல மேற்கோள் வேலை இருக்கே?"

வாசல்வரை அந்தப் பெண் கூடவே வந்தாள். பெயர் துர்கா. மில்லில் வேலைபார்த்து மில் மூடியபின் வீட்டோடு இருந்துவிட்டவரின் மகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அன்றைக்குச் சந்தில் நின்று பலகைகளை எண்ணியவள் அவள்தான்.

"தேர் நாளுன்னு அப்பவே சொன்னேங்க்கா. 'நீ பாத்ததை மட்டும் எழுது, பாக்காததுக்குக் காரணம் சொல்லாதே'ன்னுட்டாங்க."

"நாப்பத்தேழு பேருல உம்பேரு எதும்மா?"

"நான் எண்ணுனேன். எழுதினவங்க பேருதான் போடுவாங்க."

* * *

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சந்தில் பெரிய பேச்சு நடந்தது.

"நீ ஒருத்தியா போனா தனியாளுன்னுதான் சொல்லுவான்," என்றாள் சின்னப்பாப்பா. "பதினஞ்சு பேரும் போயி அவன் மொகத்துக்கு நேரா நிப்போம். இல்லன்னு சொல்லட்டும் பாக்கலாம்."

"காலையில மீன் எடுக்கிற ஏலம் போயிடுமேடி?" என்றாள் செல்வாம்பாள்.

"ஒரு நாளு ஏலம் போனா போவுது. எடமே போவுதே!"

புதன்கிழமை காலை பதினைந்து பேரும் பேருந்தில் போய் இறங்கினார்கள். அவர்களைப் பார்த்ததும் மதிவாணன் முகத்தில் வந்த சந்தோஷத்தை அன்னக்கிளி எதிர்பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"குழுவாகவே வந்துட்டீங்களா! யாருப்பா அங்க, நாற்காலி போடு! டீ சொல்லு!"

நாற்காலி வந்தது, டீ வந்தது, மசால் வடை வந்தது. செல்வாம்பாள் அன்னக்கிளியின் காதில், "நல்ல மனுசனாத்தான் தெரியறாரு யக்கா" என்றாள். வட்டமாக உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.

"இது என்னா சார்?"

"சம்மதப் படிவம். நீங்க பேசினீங்கன்னு அத்தாட்சி. இது இருந்தாத்தான் நீங்க பேசினது செல்லும்."

செல்லும் என்ற சொல்லில் எல்லாருக்கும் உயிர் வந்தது. கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர்பின் ஒருவராகப் பேசினார்கள். சின்னப்பாப்பா அழுதாள். செல்வாம்பாள் திட்டினாள். அன்னக்கிளி மட்டும் கதவோரம் நின்ற துர்காவைப் பார்த்தாள். துர்கா தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்ததும் கூடத்தில் மணியடித்தது. முப்பது நிமிஷத்தில் பதினைந்து கட்டுரைகள் கணினியில் ஏறிவிட்டன, ஆளுக்கொன்று. 'மறைந்தோரின் குரல்', 'வெளியேறியோரின் நினைவில் பழைய தொழில்' என்று தொடங்கிப் பதினைந்து தலைப்புகள். ஒவ்வொன்றும் முதல் வரியிலேயே பழைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தது.

"முன்னூத்தி இருபத்தேழு!" என்றார் மதிவாணன், கண் கலங்க. "ரெண்டு வருஷமா நகராம நின்ன எண்ணிக்கைம்மா. நீங்க வந்து நகத்தினீங்க."

"சார், அப்ப கடுதாசி?"

"எந்தக் கடுதாசி?"

பேருந்தில் திரும்பினார்கள். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் சின்னப்பாப்பா, "அந்த வடையத் தின்னுருக்கக் கூடாது" என்றாள்.

* * *

வியாழக்கிழமை காலை துர்கா சந்துக்கே வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"யக்கா, உங்களைக் கூட்டியாரச் சொன்னாங்க. தரமதிப்பீட்டுக் குழு வந்திருக்கு. சமூகத் தாக்கம்னு ஒரு பிரிவு இருக்கு. அதுக்கு ஒரு ஆளைக் காட்டணுமாம்."

"என்னைத்தான் இல்லன்னுட்டாங்களே?"

"வாங்கக்கா. இன்னிக்கி விட்டா நாளைக்கு போர்டு."

போகும் வழியில் ஸ்கூட்டர் பின்னாலிருந்து அன்னக்கிளி கேட்டுக்கொண்டே வந்தாள். துர்கா சொல்லிக்கொண்டே வந்தாள். அதற்குள் அந்த எழுத்தர் சொன்னதையும் அன்னக்கிளி சொல்லிவிட்டாள். ஒன்றாவது கூட இருக்கவேண்டும் என்றதை.

"ஒண்ணா?" துர்கா வண்டியை ஓரம் கட்டினாள். "அதை ஏங்க்கா மொதல்லியே சொல்லல?"

நிலையத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. மேடையில் குழுவினர் ஐந்து பேர், வெளியூர்க்காரர்கள், மாலையும் கழுத்துமாக. இயக்குநர் முனைவர் இளஞ்செழியன் ஒலிபெருக்கியைப் பிடித்தபோது மணி பதினொன்று. விட்டபோது இரண்டரை.

"அறிஞர் பெருமக்களே! எங்கள் நிலையத்தில் யாரும் வெளியே போவதில்லை. வெளியே போனால் எண்ணிக்கை குறைகிறது. கடந்த நான்கு ஆண்டுகளில் நாங்கள் களத்தில் செலவிட்டது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளிலிருந்து நூற்றாறு கட்டுரைகள்! உலகத்தில் எந்த நிறுவனமாவது ஒரு நாளை இவ்வளவு சிக்கனமாகச் செலவழித்திருக்கிறதா?"

கைதட்டல்.

"ஆய்வு சமூகத்தை மாற்றுமா என்று சிலர் கேட்கிறார்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு அவர்கள் நெல்லித்தோப்புக்கு வரட்டும். அங்கே ஓர் அறிவிப்புப் பலகை நடப்படும். நாங்கள் எழுதியபோது அந்த இடம் காலி என்பது வெறும் கூற்று. சில குறைகள் இருந்திருக்கலாம். நாளை ஏழு மணிக்குமேல் அதுவே உண்மை! எங்கள் கட்டுரைக்காகச் சமூகம் தன்னைத் திருத்திக்கொள்கிறது!"

நீண்ட கைதட்டல். மதிவாணன் அன்னக்கிளியை மேடையோரம் கொண்டுவந்து நிறுத்தினார். "இவர்தான் அந்த எண்பத்து மூன்று சதவீதத்தில் ஒருவர்."

குழுத் தலைவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அப்படியா? அம்மா, நீங்க மீன் தொழிலை எப்ப விட்டீங்க?"

கூடத்தில் நாற்பது பேரும் அவளையே பார்த்தார்கள். அன்னக்கிளி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இன்னிக்கிக் காலையில கூட வித்தேங்க ஐயா. கையை மோந்து பாருங்க. இவுங்க வந்தது எங்க தேரு அன்னிக்கி. பதினஞ்சு பேரும் ஊருல வடம் புடிச்சிக்கினு நின்னோம். இதோ இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேரு அன்னிக்கித் தேரு பாக்க வந்தவங்க. கேட்டுப் பாருங்க. அந்த ஒரு நாளை வெச்சி எங்களை இல்லன்னு எழுதிட்டாங்க. நாளைக்கு எடத்தைப் புடுங்கப் போறாங்க."

இளஞ்செழியன் ஒலிபெருக்கியை அணைத்தார். மதிவாணன் கூரையைப் பார்த்தார்.

குழுத் தலைவர் மெல்ல எழுந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். பிறகு உரக்கச் சொன்னார்:

"அருமை! ஆய்வுக்கு உட்பட்டவரே நேரில் வந்து ஆய்வை விவாதிக்கிறார்! பத்து நிறுவனம் பார்த்துவிட்டோம், எங்கேயும் இது இல்லை. சமூகப் பங்கேற்புக்கு முழு மதிப்பெண் போடுங்கள்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. அன்னக்கிளி அங்கேயே நின்றாள். அவள் சொன்னது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. அதற்குமேல் யாரிடம் சொல்வது?

துர்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

* * *

"கேளுங்கக்கா. நேரமில்ல. நாலு மணிக்குக் குழு மின்பலகையைப் பாக்க வரும். அதுக்காக இயக்குநர் காலையில சுற்றறிக்கை விட்டிருக்காரு: 'நம் இணைய இதழில் இன்று வெளியாகும் கட்டுரையை ஒவ்வொருவரும் தம் கைவசமுள்ள எல்லாக் கட்டுரைகளிலும் நாலு மணிக்குள் மேற்கோள் காட்ட வேண்டும்.' இன்னிக்கி வரவேண்டியது அவரோட கட்டுரை. அவர் மூணரை மணி நேரம் பேசிக்கிட்டே இருந்துட்டாரு, அனுப்பல. இதழை ஏத்துறது நான்தான்."

"அதனால?"

"உங்க கட்டுரைய ஏத்தறேன்."

"எனக்கு எழுதவே வராதேடி!"

"சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

அன்னக்கிளி சொன்னாள். பதினைந்து பேரின் பெயர், யார் பலகை எது, யார் எறா விற்பாள், யார் சங்கரா விற்பாள், எத்தனை வருஷமாக. பதினைந்தே வரி. துர்கா பொத்தானை அழுத்தினாள். கணினி ஏற்கவில்லை.

"தலைப்பு சின்னதா இருக்காம். என்னா வெச்சிருக்கேன், 'நாங்கள் இருக்கிறோம்'. கொறஞ்சது பத்து வார்த்தை வேணும்." அவள் விரல்கள் பறந்தன. "'நெல்லித்தோப்பு மீன் விற்பனைத் தளத்தில் விற்பனையாளர் இன்மையின் இன்மை குறித்த ஒரு முதற்கட்ட அவதானிப்பு.'"

"இன்மையின் இன்மைன்னா?"

"இருக்கீங்கன்னு அர்த்தம்."

மறுபடி ஏற்கவில்லை. யாரையாவது மேற்கோள் காட்டினால்தான் ஏற்குமாம். நிலையத்தின் கட்டுரை ஒன்றாவது வேண்டும். துர்கா பல்லைக் கடித்துக்கொண்டு பழைய கட்டுரையையே போட்டாள். அதற்கு ஒன்று கூடி முந்நூற்று இருபத்தெட்டு. எதிரிக்கும் ஒரு வாய் ஊட்டித்தான் சண்டைக்குப் போக முடிந்தது.

மணி மூன்று ஐந்துக்கு ஏறியது.

கீழே நாற்பது பேரும் நாற்காலியில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்கள். யாரும் கட்டுரையைத் திறக்கவில்லை. திறந்து பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆளுக்கு ஏழெட்டு அரைகுறைக் கட்டுரை. மூன்றேகாலுக்கு அன்னக்கிளியின் கட்டுரைக்கு மேற்கோள் நூற்றுப் பத்து. மூன்றரைக்கு இருநூற்று நாற்பது. மூன்றே முக்காலுக்கு முந்நூற்று ஒன்பது.

அதோடு நின்றது.

துர்கா திரையை முறைத்தாள். முந்நூற்று ஒன்பது, முந்நூற்று ஒன்பது. கீழே நாற்காலிகள் நகரும் சத்தம். எல்லாரும் முடித்துவிட்டுக் கூடத்துக்குப் போகிறார்கள்.

"இன்னும் எத்தினி வேணும்?"

"இருபதாச்சும். எல்லாரும் போட்டுட்டாங்கக்கா. யாரும் பாக்கி இல்ல."

"எல்லாருமா? வாசல்ல இருக்காரே, அவரு?"

துர்கா அவளைப் பார்த்தாள். பிறகு படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். அன்னக்கிளி முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

தேவதாஸ் குழுவினரின் கார்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க கையில கட்டுரை எத்தினி இருக்கு?"

"இருபத்து ரெண்டு. போன வருஷம் உத்தரவு போட்டாங்களே, வாசல் காக்கிறவன் உள்பட யாரும் சும்மா இருக்கக் கூடாதுன்னு. 'வாயில்வழி நுழைவோரின் சமூகவியல்', ஒண்ணுலேருந்து இருபத்து ரெண்டு பாகம்." பெருமையாகச் சொல்லிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "மோந்தியே, கடவுளே! இன்னிக்கி மேற்கோள் போட மறந்துட்டேன்!"

"போடுங்கண்ணே! இப்பவே!"

அவர் கைபேசியை எடுத்துத் தூரத்தில் பிடித்து, ஒரு விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். அன்னக்கிளி பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணினாள், மீன் எண்ணுவதுபோல. ஒன்றுக்குப் பதில் லாபம், பிறகு ரெண்டு, மூணு. கூடத்தில் இளஞ்செழியன் குழுவை மின்பலகைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் குரல் கேட்டது. பத்தொன்பது, இருபது. இருபத்தொன்றில் கைபேசி இருட்டடித்தது. தேவதாஸ் அதைச் சட்டையில் துடைத்தார். வெளிச்சம் வந்தது. இருபத்து இரண்டு.

உள்ளே மணியடித்தது.

மின்பலகையில் அன்றைய சாதனை என்று எரிந்தது: ஒரே நாளில், ஒரே கட்டுரை, மேற்கோள் 331. குழுத் தலைவர் இயக்குநரின் கையைப் பற்றிக் குலுக்கினார். இளஞ்செழியன் அடக்கமாகத் தலைகுனிந்து, "ஏதோ என்னால் முடிந்தது" என்றார். அப்போதுதான் பலகையில் தலைப்பு நகர்ந்து வந்தது. அதன்பின்னால் எழுதியவர் பெயர் வந்தது: அன்னக்கிளி.

அவர் குனிந்த தலை நிமிரவில்லை. மதிவாணன் ஓடிவந்து காதில், "எடுத்துடவா சார்? முன்னூத்தி முப்பத்தொண்ணும் போயிடும்" என்றார். குழுத் தலைவர் இன்னும் கையை விடவில்லை. இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"இன்மையின் இன்மை! நான் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் கோட்பாடு. என் வழிகாட்டுதலில்தான் இந்த அம்மையார் எழுதினார். தட்டச்சுப் பிழையால் என் பெயர் விடுபட்டிருக்கிறது."

ஐந்து நிமிஷத்தில் பெயர் சேர்ந்துவிட்டது. 'இளஞ்செழியன் மற்றும் பிறர்' என்று பலகை சொன்னது.

"யாரு பேர வேணா போட்டுக்கட்டும்," என்றாள் அன்னக்கிளி. "உம்பேரு எங்கடி?"

"ஒப்பந்தத்துல இருக்கிறவங்க பேரைக் கணினி ஏத்துக்காதுக்கா," என்றாள் துர்கா. அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு வண்டி வந்து சந்து முனையில் நின்றது. நீலநிற அறிவிப்புப் பலகை, இரண்டு இரும்புக் கம்பம், ஒரு மூட்டை சிமெண்டு. குழி தோண்டுகிறவன் கடப்பாரையோடு நேரே அன்னக்கிளியின் பலகையண்டை வந்தான். பதினைந்து பேரும் எழுந்து நின்றார்கள். கருவாட்டுக்காரிகள் மூவரும் கூட எழுந்துவிட்டார்கள்.

"இருப்பா," என்றார் ஹரிகிருஷ்ணன். "பெரிய ஆய்வு ஒண்ணு வந்திருக்குன்னு இந்தம்மா சொல்லுது. பாத்துடறேன்."

கைபேசியை எடுத்து நல்ல கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். "பழசு... முன்னூத்தி இருபத்தெட்டு."

"புதுசு சார்?"

"சுத்துதும்மா. இந்தச் சந்துல சிக்னல் இல்ல." வெயிலுக்கு நகர்ந்தார். நிழலுக்கு வந்தார். சின்னப்பாப்பாவின் பலகைமேல் ஒரு காலை வைத்து ஏறி நின்றார். கடப்பாரைக்காரன் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டான். மணி ஏழாக இரண்டு நிமிஷம் இருந்தது. செல்வாம்பாள் அன்னக்கிளியின் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"முன்னூத்தி முப்பத்தொண்ணு," என்றார் ஹரிகிருஷ்ணன். "மூணு கூட."

கோப்பில் பழைய தாளின்மேல் ஒரு கோடு போட்டார். கம்பத்தை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"உள்ள என்னா எழுதியிருக்குன்னு பாக்கலியா சார்?" என்றாள் அன்னக்கிளி. கேட்காமல் இருந்திருக்கலாம், வாய் கேட்டுவிட்டது.

"அதுக்கு எங்களுக்கு உத்தரவு இல்லம்மா. எண்ணிக்கை மட்டுந்தான்." வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு தலையை வெளியே நீட்டினார். "போர்டு வண்டியிலயேதான் இருக்கும். வாரா வாரம் வெள்ளிக்கெழம வந்து பாப்பேன். பழசு முந்திடுச்சின்னா நட்டுடுவேன், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

வண்டி திரும்பிப் போயிற்று. செல்வாம்பாள் பிடித்த முழங்கையை விடாமலே கேட்டாள்:

"அப்ப நாம இருக்கமா யக்கா?"

அன்னக்கிளி உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அரிவாமணையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வெள்ளி வரைக்கும் இருக்கோம்டி. ஐஸைத் தள்ளிட்டு எறாவ மேல எடுத்து வை."